ஆசகேலின் நியாயத்துக்காக ஊர் கூடியது

சமாதானம் வந்துவிட்டது என்று செய்தி வந்த அன்று எங்கள் வெஸ்ட் ஆல்டனில் ஜெபவீட்டு மணியைக் கயிறு அறும்வரை அடித்தார்கள். கடல் தாண்டி இருந்த ராஜாவோடு போட்ட சண்டை ஓய்ந்தது, இனிமேல் நமக்கு ராஜா கிடையாது, நம் வரியை நாமே போட்டுக்கொள்ளலாம் என்று எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். அடுத்த வாரம் இன்னொரு செய்தி வந்தது. சண்டை போட்ட அதிகாரிகளுக்கு, அதாவது கேப்டன், மேஜர், கர்னல் என்று தோளில் ஏதாவது தொங்கவிட்டிருந்தவர்களுக்கெல்லாம், ஐந்து வருஷ முழுச் சம்பளத்தை வட்டியோடு கொடுப்பதாகப் பேரவை ஒப்புக்கொண்டிருக்கிறதாம். அந்தப் பணம் நம் தலையில்தான் வரியாக விடியுமாம். அன்றைக்கும் மணி அடித்திருப்பார்கள். கயிறுதான் இல்லை.

நான் மெஹிட்டபெல் ஓர்ட்வே. ஊருக்கு ஹிட்டி. ஜெபவீட்டுக்கு எதிரே இருக்கிற மதுவிடுதி என்னுடையது. புருஷன் காய்ச்சலில் போன பிறகு நான்தான் நடத்துகிறேன். பெண்பிள்ளைக்கு ஊர்க்கூட்டத்தில் ஓட்டுக் கிடையாது. மேல் வரிசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். ஆனால் கூட்டத்தில் கத்துகிறவர்களுக்குத் தொண்டை வறளும், வறண்ட தொண்டை எல்லாம் என் கடைக்குத்தான் வரும். ஆகவே ஊர் என்ன நினைக்கிறது என்பது ஓட்டுப் போடுகிறவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

ஊர் அப்போது ஆசகேல் டட்டிலை நினைத்துக்கொண்டிருந்தது.

ஆசகேல் சாதாரணச் சிப்பாய். வேதத்தில் வருகிற ஆசகேல் கலைமானைப் போல ஓடுகிறவன். எங்கள் ஆசகேலுக்கு வலது முழங்காலுக்குக் கீழே மேப்பிள் மரம். சம்பளத்துக்குப் பதிலாகச் சேனையில் அவனுக்கு ஒரு சீட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள், தேசத்துக்கு எப்போது பணம் வருகிறதோ அப்போது தருவதாக. தேசத்துக்குப் பணம் வரும்வரை அவனும் அவன் மனைவி லோயிஸும் சாப்பிட வேண்டியிருந்ததால், சீட்டை ஜெபவீட்டு மூப்பரான டீக்கன் ஓபேத் மார்வினிடம் கொடுத்து ஒரு மூட்டை சோளமும் கொஞ்சம் உப்புப் பன்றிக்கறியும் வாங்கிக்கொண்டான். ஊரில் மற்றச் சிப்பாய்களின் சீட்டும் அப்படித்தான் போனது. டீக்கன் சண்டைக்குப் போகவில்லை. சண்டை நடந்தவரைக்கும் சேனைக்கு மாட்டிறைச்சி விற்றார். அதில் மாடு எவ்வளவு, உப்பு எவ்வளவு என்பதைச் சாப்பிட்டவர்கள்தான் சொல்ல வேண்டும். அவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை.

ஏப்ரல் கூட்டத்தில் டீக்கன்தான் தலைவர்.

"சகோதரர்களே! அதிகாரிங்களுக்கு அஞ்சு வருஷச் சம்பளம் குடுக்கலாம்னு இந்த ஊர்ல எவனாவது நினைச்சா, அவன் முதல்ல இந்தக் காலைப் பாக்கட்டும். ஆசகேல், எழுந்து நில்லுப்பா. வேண்டாம், உக்காரு. காலை மட்டும் தூக்கிக் காட்டு."

ஆசகேல் தூக்கிக் காட்டினான். ஜெபவீடே உச்சுக்கொட்டியது.

"டீக்கன் ஐயா, நான் ஒரு வார்த்தை சொல்லிக்கறேன்..."

"நீ பேசாதப்பா. நீ பேசினா நீ என்னமோ கேக்கற மாதிரி ஆயிடும். உனக்காக நாங்க கேட்டாத்தான் கௌரவம்."

அன்றே குறைதீர் குழு என்று ஒன்றை நியமித்தார்கள். டீக்கன், ஆலைக்காரர், சாமுவேல் பர், இன்னும் இரண்டு பேர். சண்டையைப் பார்த்தவர் ஒருவரும் குழுவில் இல்லை. பார்த்தவர்களுக்குக் கோபம் வருகிறது, கோபம் வந்தால் நிதானமாகத் தீர்மானம் எழுத முடியாது என்று டீக்கன் விளக்கினார்.

கூட்டம் முடிந்து எல்லோரும் என் கடைக்கு வந்தார்கள். ஆசகேல் ஒரு மூலையில் ஆப்பிள் சைடர் குடித்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்.

"ஐயா, அதிகாரிங்களுக்குக் குடுத்த வாக்கு செல்லாதுன்னு சொல்லிட்டா, எங்க சீட்டும் செல்லாதுன்னு ஆயிடாதா?"

"அது வேற, இது வேற!" என்று டீக்கன் எழுந்தே விட்டார். "சிப்பாயோட சீட்டு ரத்தத்தால எழுதினது. அதுல ஒரு காசு குறையாம தேசம் தந்தே தீரணும். அதுக்காக நான் உயிரையும் குடுப்பேன்."

"அந்தச் சீட்டெல்லாம் இப்ப உங்க பெட்டியிலதானே இருக்கு, டீக்கன்?" என்றேன் நான்.

"இருக்கு ஹிட்டி. பத்திரமா இருக்கு. இவனுங்க கையில விட்டு வெச்சிருந்தா குடிச்சே அழிச்சிருப்பானுங்க. தேசத்தோட மானம் என்ன ஆவறது?"

ஆசகேல் தலையாட்டினான். தேசத்தின் மானம் தன் கையில் இருந்ததே அவனுக்கு அதுவரை தெரியாது.

அதன் பிறகு குழு ஊர் ஊராகக் கிளம்பியது. பக்கத்து ஊர்களையும் சேர்த்துக்கொண்டு பெரிய மாநாடு கூட்டினால்தான் பேரவை பயப்படும் என்று யோசனை. போகிற இடத்துக்கெல்லாம் ஆசகேலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கிளம்புகிற அன்று காலையில் என் வாசலில்தான் வண்டி நின்றது. டீக்கன் ஆசகேலின் கோட்டை இழுத்துப் பார்த்தார்.

"லோயிஸ், இதை யாரும்மா தெச்சது?"

"நான்தான் ஐயா. முழங்கையில கிழிஞ்சிருந்தது."

"நல்லாத் தெச்சிருக்கே. தெச்ச இடமே தெரியலை. அதான் கஷ்டம். பிரிச்சு விட்டுடு."

"பிரிச்சா குளிருமே, ஐயா."

"போற இடத்துல அடுப்பு இருக்கும்மா. வழியில குளிரும், அது நல்லதுதான். போய் இறங்கறப்ப முகம் சரியா இருக்கும்."

லோயிஸ் அதிகம் பேசாதவள். ஊரில் அவளைப் போல மெல்லிய நூல் நூற்க ஆள் இல்லை. அவள் நூற்ற நூலால் தைத்ததை அவளே என் திண்ணைக் கல்லில் உட்கார்ந்து ஊசியால் பிரித்தாள். ஒரு கண்ணி விடாமல் பிரித்தாள். நூலை வீணாக்காமல் விரலில் சுற்றி வைத்துக்கொண்டாள்.

முதல் ஊரில் அவன் மரக்காலைக் கழற்றிக் குழு எழுதிய மனுவுக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைக்கச் சொன்னார்கள். அது எடுபட்டது. அதிலிருந்து எல்லா ஊரிலும் அதுவே வழக்கமாகிவிட்டது. இரண்டாவது ஊரில் ஆசகேலுக்குச் சாப்பாடு போடுவது யார் என்று தகராறு வந்தது. மூன்றாவது ஊர்க்காரர்கள் புத்திசாலிகள். ஆள் வர வேண்டாம், காலை மட்டும் அனுப்பினால் போதும், பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறோம் என்று எழுதினார்கள். செலவு மிச்சம் என்று குழு ஒப்புக்கொண்டது. கால் போனது. அங்கிருந்து அடுத்த ஊருக்குப் போனது, அங்கிருந்து அதற்கடுத்த ஊருக்கு. அது சோளம் விதைக்கிற பருவம். ஆசகேல் ஒற்றைக் காலோடு வேலியைப் பிடித்துக்கொண்டு தன் நிலத்தைப் பார்த்து நின்றான். லோயிஸ் தனியாளாக முடிந்த மட்டும் கொத்தி விதைத்தாள். முடிந்தது ஒரு மூலைதான்.

ஜூனில் நடந்த பெரிய மாநாட்டுக்குக் காலும் ஆளும் ஒன்றாகப் போயின. அங்கே புதிதாக ஒரு சிக்கல். மலையடி ஊர்க்காரர்கள் தொடையோடு கால் போனவன் ஒருவனைக் கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் காலுக்குத்தான் முன்னிடம் என்று டீக்கன் வாதாடினார். "உங்காளோடது பெரிய காயம், ஒத்துக்கறேன். ஆனா எங்காளோடது ஏழு ஊர் சுத்தி வந்த காயம். அனுபவம் இருக்கு." ஒரு பகல் முழுக்க விவாதித்து, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம் என்று முடிவு செய்தார்கள். பிறகு அதிகாரிகளின் பேராசையைக் கண்டித்துத் தீர்மானம் போட்டார்கள். நல்ல தீர்மானம். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இருந்தது என்று சாமுவேல் பர் வந்து சொன்னார். இரண்டு கால்காரர்களைப் பற்றி அதில் என்ன இருந்தது என்று கேட்டேன். அவர்களைப் பற்றித் தனியாக ஒன்றும் இல்லையாம், அவர்கள் பின்னணியாம்.

ஆகஸ்டில் வரி வந்தது. அதிகாரிகளுக்குக் கொடுக்க ஒரு வரி. அந்த வரியை எதிர்த்துக் குழு ஊர் சுற்றின செலவுக்கு இன்னொரு வரி. அதையும் தலைக்கு இவ்வளவு என்று பிரித்திருந்தார்கள். கான்ஸ்டபிள் ஜேபஸ் வீடு வீடாகப் போனான். ஆசகேல் அவனிடம் நின்று பேசிக்கொண்டிருந்தபோது நான் அங்கே இருந்தேன், லோயிஸுக்கு ஈஸ்ட் கொடுக்கப் போயிருந்தேன்.

"முதல் வரி புரியுது ஜேபஸ். ரெண்டாவது எனக்காகப் பேசினதுக்குத்தானே? எனக்காகப் பேசினதுக்கு நானே குடுக்கணுமா?"

"யாருக்காகப் பேசினாங்களோ அவனே குடுக்கலைன்னா மத்தவன் எப்படிய்யா குடுப்பான்?" என்றான் ஜேபஸ். அவனும் மோசமானவன் இல்லை. வசூல் குறைந்தால் அவன் கையிலிருந்து கட்ட வேண்டும். "மாட்டைத்தான் ஓட்டிட்டுப் போகணும், ஆசகேல். மனசுல வெச்சுக்காத."

மாடு ஏலத்தில் போனது. டீக்கன் வாங்கினார். நல்ல கறவை மாடு வெளியூர்க்காரன் கைக்குப் போய்விடக் கூடாது என்று.

இனி கர்னல் கதைக்கு வருகிறேன். கர்னல் எலிசூர் பென்ஃபீல்ட் மேட்டுத் தெருப் பெரிய வீட்டுக்காரர், சண்டையில் ஆசகேலின் அதிகாரி. சம்பளச் செய்தி வந்ததிலிருந்து ஊரில் அவரோடு யாரும் பேசுவதில்லை. அவர் ஜெபவீட்டுக்குள் வந்தால் இருமுவார்கள். அவர் வேலியில் செத்த பூனையைத் தொங்கவிட்டார்கள். அவர் அதிகாரிகள் சேர்ந்து ஆரம்பித்த வீரச் சகோதரர் சங்கத்தில் முக்கியஸ்தர். சங்கத்தார் நெஞ்சில் நீல நாடாவில் வெள்ளிப் பதக்கம் குத்திக்கொள்வார்கள். அப்பன் செத்தால் பதக்கம் மூத்த மகனுக்கு, அவனுக்குப் பிறகு அவன் மகனுக்கு. அறுவடைக் காலத்தில் அவர்கள் விருந்து என் கடை மாடியிலுள்ள பெரிய அறையில் நடந்தது. ஒரு மேஜர் கைக்குழந்தையைத் தூக்கி வந்து அதற்கும் நாடா குத்தினார். ஊசி பட்டுக் குழந்தை வீரிட்டது. வீரத் தழும்பு என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

கர்னல் எழுந்து பேசினார்.

"நம்மளைக் கொள்ளைக்காரன்ங்கறாங்க. நாம பட்டது இவங்களுக்கு என்ன தெரியும்? அந்தக் குளிர்காலத்துல, பாசறையில, என் ஒயின் பீப்பாயோட உறைஞ்சு போச்சு. கோடாலியால வெட்டி வெட்டித்தான் குடிச்சேன். இந்த ஊர்ல எவனாவது ஒயினை வெட்டிக் குடிச்சிருக்கானா? என் குதிரை, பாவம், பனியில தொலைஞ்சே போச்சு. அதுக்கு ஈடு கேட்டா பேராசையா?"

அப்போதுதான் ஆசகேல் வந்து கதவருகே நின்றான். தொப்பி கையில். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். ஊனமுற்ற சிப்பாய்க்கு அரசாங்கம் சின்ன உதவித்தொகை தருகிறது என்றும், அதற்கு அவன் அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும் என்றும் வழிப்போக்கன் ஒருவன் சொல்லியிருந்தான். அந்தக் கையெழுத்து கிடைத்தால் குளிர்காலத்தைத் தாண்டிவிடலாம், சொந்த வீட்டிலேயே இருக்கலாம் என்று லோயிஸ் அவனுக்குத் தலைவாரி அனுப்பியிருந்தாள்.

"ஐயா, அந்தக் குதிரை தொலையலை," என்றான் ஆசகேல். உதவி கேட்க வந்தவன் முதலில் சொல்லக்கூடிய வார்த்தையா அது? ஆனால் அவன் அப்படித்தான். "நாங்கதான் தின்னோம். ரொம்பப் பசி. மன்னிச்சுக்கணும்."

கர்னலுக்குக் கண் கலங்கியது. "நீங்களா? நல்ல குதிரை. சரி, போகட்டும். இதை வெளிய சொல்லாத. தொலைஞ்சதுன்னு கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கிட்டேன்."

ஆசகேல் வந்த விஷயத்தைச் சொன்னான். கர்னல் கவனமாகக் கேட்டார். முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது, அதை நான் மறைக்க மாட்டேன்.

"ஆத்தங்கரைச் சண்டையிலதானே அடிபட்டே? ஞாபகம் இருக்கு. ஆனா இதுல ஒரு விதி இருக்குப்பா. அடிபட்டதை அதிகாரி கண்ணால பாத்திருக்கணும். நீங்க ஆத்தைத் தாண்டறப்ப நான் ஒரு மைல் பின்னால, பண்ணை வீட்டுல இருந்தேன். வரைபடம் பாத்துட்டிருந்தேன். நான் பாக்கலை. பாக்காததைப் பாத்தேன்னு எப்படிச் சொல்றது?"

"வேற அதிகாரி யாரும் அங்க இல்லையே, ஐயா."

"இல்லைதான். எல்லாரும் என்கூடப் பண்ணை வீட்டுல இருந்தாங்க."

"கால் இல்லாதது தெரியுதே, ஐயா. இப்ப பாத்துக்கங்களேன்."

"இப்ப பாக்கறேன். அப்ப பாக்கலையே. ஒரு கர்னல் பொய் சாட்சி சொல்லலாமா, ஆசகேல்? உன் மானமும்தானே போகும்?"

மேஜர்கள் "ஆமாம், ஆமாம்" என்றார்கள். ஆசகேல் "சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் ஒவ்வொரு படியாக இறங்கிப் போனான்.  அன்று அவர்களுக்கு ஊற்றின பஞ்ச் மதுவில் பாதிக்குத் தண்ணீர் கலந்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

நவம்பரில் கடும் பனி. லோயிஸ் ஊர் நிர்வாகத்திடம் போய் ஒரு வண்டி விறகு கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். ஆனால் எங்கள் ஊரில் ஊரிடம் விறகு கேட்டவர் ஊரின் ஏழை. ஊரின் ஏழையை டிசம்பர் கூட்டத்தில் ஏலம் விடுவார்கள். மாட்டு ஏலம் ஏறும், இது இறங்கும். இந்த ஆளை ஒரு வருஷம் வைத்துச் சோறு போட ஊர் எவ்வளவு தர வேண்டும் என்று கேட்பார்கள். யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்கு ஆளும் ஆளின் உழைப்பும். லோயிஸுக்கு இது தெரியாமல் இல்லை. ஒரு வண்டி விறகுக்கெல்லாம் இப்படிச் செய்ய மாட்டார்கள், அதுவும் ஆசகேலை, இந்த வருஷம், செய்யவே மாட்டார்கள் என்று நினைத்துவிட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஜெபவீட்டில் அடுப்பு கிடையாது என்பதால் டிசம்பர் கூட்டம் என் கடையில் நடக்கும். ஏலத்தன்று ரம் ஊர்ச் செலவு. குடித்தவன் குறைத்துக் கேட்பான் என்று எந்தக் காலத்திலோ ஒரு பெரியவர் கண்டுபிடித்திருக்கிறார். அன்று எல்லோரும் வந்திருந்தார்கள். கர்னல்கூட வந்திருந்தார். இருமினார்கள். ரம் உள்ளே போனதும் இருமல் நின்றது.

டீக்கன் மேஜைமேல் தட்டினார்.

"சகோதரர்களே, மனசு கனத்துத்தான் நிக்கிறேன். இந்த ஆசகேலுக்கு நடந்த அநியாயத்தை எதிர்த்து இந்த வருஷம் ஊர் எவ்வளவு செலவு பண்ணிச்சுன்னு உங்களுக்கே தெரியும். கஜானா காலி. அதனால ஆசகேலுக்குன்னு செலவு பண்ண ஊர்கிட்ட ஒண்ணும் இல்லை. ரெண்டு பேரையும் தனித்தனியா விட்டாத்தான் கட்டுப்படியாகும். அவ நூல் நூப்பா, அவளைச் சும்மாகூட எடுத்துக்குவாங்க. சேத்து விட்டா இவன் பாரம் அவ தலையில விழுந்து ஊருக்கு நஷ்டம்."

ஆசகேல் எழுந்தான். "நான் ஒரு வார்த்தை பேசலாமா, ஐயா?"

"ஊர் ஏழைக்குக் கூட்டத்துல ஓட்டும் இல்ல, பேச்சும் இல்லப்பா."

"ஏப்ரல்ல இருந்து எல்லாக் கூட்டத்துலயும் இருந்தேனே."

"இருந்தே. பேசினியா? அந்த நல்ல பேரைக் கெடுத்துக்காத."

முதலில் ஆசகேலை விட்டார்கள். ஆலைக்காரர் வாரத்துக்கு மூன்று ஷில்லிங் கேட்டார். சாமுவேல் பர் இரண்டரை. ரம் ஒரு சுற்று வந்தது. இரண்டு. ஒன்றரை.

"நான் எடுத்துக்கறேன்," என்று ஒரு குரல்.

லோயிஸ். அடுப்புப் பக்கம் நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"எவ்வளவுக்கும்மா?" என்றார் டீக்கன், சிரித்தபடி.

"ஒண்ணும் வேண்டாம். ஊர் ஒரு காசு குடுக்க வேண்டாம். நான் நூத்துக் காப்பாத்திக்கறேன். இதைவிடக் குறைச்சு யாரும் கேக்க முடியாதே? அப்ப எனக்குத்தானே?"

 கணக்குப் பார்த்தால் அவள் சொன்னது சரி. ஏல விதி அதுதான். யாரோ "அட!" என்றார்கள். நான் சட்டென்று, "என் மாடியறை காலியா இருக்கு. ரெண்டு பேரும் அங்க இருக்கட்டும், வாடகை வேண்டாம்," என்றேன்.

டீக்கன் ரம் கோப்பையை மேஜையில் வைத்தார். "ஹிட்டி, ஊர் கையில வந்த ஏழைங்களை மது விக்கிற வீட்டுல வெச்சா அவங்க ஒழுக்கம் என்ன ஆவறது? அது ஆகாது. லோயிஸ், நீ சொன்னதை யோசிச்சேன். நல்ல மனசுதான். ஆனா சட்டப்படி புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ஆள். நீ கேட்டா அவன் கேட்ட மாதிரி. ஏலத்துக்கு வந்தவன் தன்னைத் தானே எடுக்க முடியுமா? எந்த மாடாவது தன்னைத் தானே வாங்கியிருக்கா?"

சிரிப்பு எழுந்தது. லோயிஸ் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"ஒரே ஆள்னா ஒரே ஏலமா விடுங்க, ஐயா."

டீக்கன் கோப்பையை எடுத்தார். குடித்தார். துடைத்துக்கொண்டார்.

"அது சட்டம்மா. இது சிக்கனம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டு வார்த்தையில் எவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டார் என்று சாமுவேல் பர் என்னிடமே வியந்தார். நான் அவர் கோப்பையை நிரப்பவில்லை. அதற்கு மேல் என்னால் செய்ய முடிந்தது ஒன்றும் இல்லை.

கர்னல் கையைத் தூக்கினார். "வாரத்துக்கு ஒரு ஷில்லிங். என் ஆள் அவன். எங்க சங்கத்து விருந்துல கதவுகிட்ட நிக்க ஒரு பழைய சிப்பாய் வேணும். சீருடை நான் தர்றேன்."

அதற்குக் கீழே யாரும் கேட்கவில்லை. அடுத்து லோயிஸ். டீக்கன் தாமே ஒன்றும் வாங்காமல் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கர்னல் போட்டிக்கு வரவில்லை, கண்ணியமாகத் தலையைத் திருப்பிக்கொண்டார். இருவரும் ஒன்பது மாதத்தில் முதல் தடவையாகக் கைகுலுக்கினார்கள்.

"ஒரு விஷயம் கர்னல்," என்றார் டீக்கன். "மார்ச்ல மாநாடு இருக்கு. உங்க சம்பளத்தை எதிர்த்துத்தான். அன்னைக்கு மட்டும் ஆசகேல் எங்களுக்கு வேணும்."

"தாராளமா. நாள் வாடகை பேசிக்கலாம்."

பிறகு கூட்டத்தின் கடைசி அலுவல். அதிகாரிகளுக்குப் பணம் கொடுப்பது ஏழைச் சிப்பாய்க்குச் செய்யும் துரோகம் என்ற தீர்மானம். ஏகமனதாக நிறைவேறியது. கர்னல் மட்டும் நாகரிகமாக வெளியே போய் நின்றார்.

நானும் வெளியே வந்தேன். பனி விழுந்துகொண்டிருந்தது. இரண்டு சறுக்கு வண்டிகள் நின்றிருந்தன, ஒன்று மேட்டுத் தெருவைப் பார்த்து, ஒன்று டீக்கனின் பண்ணையைப் பார்த்து. ஆசகேலைக் கர்னலின் வண்டியில் பின்பக்கமாகத் தூக்கி உட்காரவைத்தார்கள். அவன் லோயிஸைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவோம் என்று பயந்திருப்பான். லோயிஸ் அவனிடம் போகவில்லை. நேரே கர்னலிடம் போனாள். குதிரையின் கடிவாளத்தைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, ஒண்ணு சொல்லணும். அவர் ராத்திரியில கத்துவார். சண்டைக்குப் போயிட்டு வந்ததுல இருந்து அப்படித்தான். தினமும் இல்ல, ஆனா அடிக்கடி. எழுந்து கதவைத் தேடுவார், விழுந்துடுவார்."

"ஆளுங்ககிட்ட சொல்றேன்மா."

"தொட்டு எழுப்பக் கூடாது ஐயா, தொட்டா பயந்துடுவார். கொஞ்சம் தள்ளி நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிடணும். கூப்பிட்டு, சண்டை முடிஞ்சு போச்சு ஆசகேல்னு சொல்லணும். ரெண்டு தடவை சொன்னா போதும். நம்பிடுவார். தூங்கிடுவார்."

கர்னல் தலையசைத்தார். வண்டி நகர்ந்தது. அவள் கூடவே சில அடி நடந்தாள், "மெதுவாச் சொல்லணும் ஐயா, மெதுவா," என்று சொல்லிக்கொண்டே. பிறகு டீக்கன் அவளைக் கூப்பிட்டார்.

மேட்டுத் தெரு வீட்டில் ஆசகேலுக்குக் கொடுத்த இடம் லாயத்துக்கு மேலே வைக்கோல் அடுக்குகிற பரண். அந்தப் பக்கம் ராத்திரியில் யாரும் படுப்பதில்லை.